ஆவணியில் தை மொச்சை

அத்தியாயம் 17

மகன் ஹேமந்தை முதல் ஷிப்டு கம்பெனி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு ஜெயலட்சுமி செய்கிற முதல் வேலை வாசல் தெளிப்பது இல்லை. பின்கட்டு அறைக்குப் போய் பிரீசரின் மேல் காதை வைத்துக் கேட்பதுதான். அது உர்ரென்று சத்தம் போட்டால்தான் அவளுக்குக் காபி இறங்கும்.

புதன்கிழமை காலை அது வாயே திறக்கவில்லை.

"ஐயையோ! இன்னா ஆச்சு இதுக்கு?"

பிரீசரின் அடியில் தரை ஈரம். நேற்றுப் பகல் பூரா மாதாந்திரப் பராமரிப்பு என்று பிள்ளைப்பாக்கம் முழுக்கக் கரண்ட் கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தது. வந்ததே என்று நிம்மதியாகத் தூங்கியவளுக்கு இப்படியா விடிய வேண்டும்?

சுவிட்ச் பெட்டியைப் பார்க்க ஓடினாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பெட்டியில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. பூட்டோடு ஒரு சிவப்பு அட்டை. அட்டையில் 'ஆபத்து. இயக்காதீர்' என்ற எழுத்து. அதற்குக் கீழே சிரித்த முகத்தோடு ஹேமந்தின் போட்டோ.

"இன்னாங்க! இங்க வந்து பாருங்களேன் உங்க புள்ள பண்ணிவச்ச வேலைய!"

தோட்டத்திலிருந்து குமாரவேல் மண் காலோடு வந்தார். பூட்டைத் தூக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். ஒயர் கருகின வாசனை மூக்கில் அடித்தது.

நடந்தது இதுதான். விடியற்காலையில் பின்பக்கம் பல் தேய்க்கப் போன ஹேமந்துக்கும் இந்த வாசனை வந்திருக்கிறது. அவன் ஒரகடத்தில் ஒரு கார் பாகம் செய்கிற கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஆள். அங்கே ஒரு மெஷின் ரிப்பேர் என்றால் முதலில் கரண்டை அணைக்க வேண்டும், தன் பூட்டைப் போட வேண்டும், தன் படம் போட்ட அட்டையை மாட்ட வேண்டும், சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டினவன் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அந்தப் பழக்கத்தில் பையன் வீட்டுப் பெட்டியையும் பூட்டிவிட்டான். அதற்குள் பஸ்காரன் ஹாரன் அடித்தான். சாவியோடு ஓடிவிட்டான். அட்டையில்தான் எல்லாம் எழுதியிருக்கிறதே, அம்மாவுக்குத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பான். தோட்டத்து மோட்டாருக்கு வருகிற லைனில்தான் பிரீசரும் ஓடுகிறது என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை.

"போன் பண்ணிக் கேளு" என்றார் குமாரவேல்.

"எங்க பண்றது? ஷிப்டு முடியற வரைக்கும் போனு லாக்கர்லதான கெடக்கும்."

குமாரவேல் சுத்தியலை எடுத்து வந்தார். பூட்டின் மேல் ஓங்கினார். போட்டோவில் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். ஓங்கின கை இறங்கிவிட்டது. போன வருஷம் பக்கத்துத் தெருவில் மோட்டார் பெட்டியைத் தொட்டு ஒருத்தர் தூக்கியடிக்கப்பட்டு, பிழைத்ததே பெரிய பாடு. அன்றிலிருந்து இந்த வீட்டில் கரண்ட் விஷயத்தில் மட்டும் மகன் சொல்வதுதான் சட்டம்.

"முன் ரூமுக்கு இழுத்துக்கினு போய் மாட்டலாமா?"

"இந்தத் தடி பிளக்கு அங்க எந்த ஓட்டையில நுழையும்? கெடக்கட்டும் வுடு. சாயங்காலம் வந்து தொறப்பான். காய்தான? போனா போவுது. தோட்டத்துல இல்லாத காயா?"

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். ஜெயலட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தோட்டத்தில் எல்லாம் இருக்கிறது. வெண்டை இருக்கிறது, கத்திரி இருக்கிறது, ஒரு பந்தல் நிறைய புடலை இருக்கிறது. மொச்சை இல்லையே! ஆவணி மாசத்தில் பச்சை மொச்சைக்கு எங்கே போவது? அது தை மாசத்துச் சரக்கு.

அந்த மொச்சை யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மகள் பூர்ணிமா போன கார்த்திகையில் குன்றத்தூர் மலைக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டாள். மாப்பிள்ளை மாரிசெல்வம், சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். ஊரும் வேறு, சாதிசனமும் வேறு. அது போதாதென்று அவன் ஹேமந்தின் உயிர் நண்பன். ஒரே கம்பெனி, ஒரே லைன். ஹாஸ்டல் சோறு நாக்குக்கு ஒத்துவரவில்லை என்று ஹேமந்தே வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டவன். தோட்டத்து வழியாக நேரே சமையல்கட்டுக்கே வருகிற அளவுக்கு உரிமை கொடுத்த வீட்டில் இப்படி நடந்ததும், அப்பா "அவ பேரை இந்த வூட்ல எடுக்காதீங்க" என்றார். அண்ணன், நண்பனோடு பேச்சையே அறுத்துக்கொண்டான்.

இரண்டு ஆம்பிளைகளின் ரோஷத்துக்கு நடுவில் ஒரு அம்மா என்ன செய்வாள்? பிரீசரைத் திறந்தாள்.

அந்தப் பிரீசர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஐஸ்கிரீம் கடை மூடியபோது ஹேமந்த் வாங்கி வந்தது. கண்ணாடி மூடி, ஓரத்து ரப்பர் கொஞ்சம் தளர்ச்சி. தோட்டத்தில் காய்க்கிற நாளில் கொட்டிக் கொட்டிக் காய்த்து, மற்ற நாளில் கடையில் வாங்கித் தின்கிற கொடுமைக்கு ஒரு வழி வேண்டும் என்றுதான் வாங்கினான். முதல் தடவை ஜெயலட்சுமி அவரைக்காயை அப்படியே கவரில் கட்டிப் போட்டாள். ஒரு மாசம் கழித்து எடுத்தால் வைக்கோல் மாதிரி இருந்தது. அப்புறம் போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஒரு கொதி வந்ததும் எடுப்பாள். உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டுவாள். பழைய வேட்டியில் பரப்பி ஈரம் போகத் துடைப்பாள். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி உறைய வைத்து, அப்புறம்தான் கவர்.

"இன்னாடி இது, காய்க்கு மஞ்ச நீராட்டா? குளிப்பாட்டித் தொடைச்சி அலங்காரம் பண்ணிக்கினு கீற?" என்று குமாரவேல் கேலி செய்வார்.

தை பிறந்தது. மகளுக்குத் தலைப் பொங்கல். வரிசை வைக்க வேண்டிய வீட்டில் சத்தம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மொச்சை உரிக்கிறவள் பூர்ணிமாதான். உரிக்கிறதில் பாதி வாய்க்குப் போகும். அந்தப் பொங்கலன்று ஜெயலட்சுமிக்கு ஒரு வாய் மொச்சைக் குழம்பு தொண்டையில் இறங்கவில்லை. அன்று சாயங்காலமே உட்கார்ந்து, மிச்சம் பறித்த மொச்சை முழுவதையும் உரித்து, கொதிக்கவிட்டு, குளிர வைத்து, பிரீசரின் அடியில் அடுக்கிவிட்டாள். என்றைக்காவது வருவாள் இல்லையா? வருகிற அன்று போட வேண்டும்.

இப்போது பூர்ணிமாவுக்கு ஏழாம் மாசம்.

குமாரவேல் தோட்டத்தில் தண்ணீர் கட்டப் போகிற நேரத்தில் அம்மாவும் மகளும் தினமும் போனில் பேசுகிறார்கள் என்பது நமக்குப் பழைய செய்தி. இன்று மோட்டார் ஓடாததால் அவர் குடத்தில் மொண்டு மொண்டு நாற்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். ஜெயலட்சுமி சமையல்கட்டு மூலையில் நின்று பூட்டுக் கதையைக் குசுகுசுவென்று சொன்னாள்.

"உனக்குன்னு வச்சிருந்தேன்டி. எல்லாம் போச்சு. தண்ணியா வுட்டுக்கினு கீது."

"அழுவாதம்மா. மொச்சைக்காக யாராச்சும் அழுவாங்களா?" என்றாள் பூர்ணிமா. அவள் குரலும் சரியாக இல்லை. "நானே உனக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன். நேத்து ராத்திரி எங்க அத்தை, எங்க வீட்டுக்காரரோட அம்மா, ஊர்லேருந்து வந்துட்டாங்க."

"எதுக்கு?"

"என்னைக் கூட்டினு போகத்தான். வெள்ளிக்கிழமை டிரெயினுக்கு டிக்கெட்டு எடுத்துட்டாங்க. இங்க யாரு பாத்துப்பா, ஊருக்கு வா, நான் பாக்கேன்னு சொல்றாங்க. நல்லவங்கதாம்மா. திட்டக்கூட இல்ல."

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது என்ன, யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பெண்ணைப் பெற்று, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பிரசவத்துக்குச் சங்கரன்கோவிலுக்கு அனுப்புவதா? அப்புறம் குழந்தை பிறந்து, மொட்டை போட்டு, காது குத்தி, எல்லாமே அங்கேதான். இனிமேல் யார் வந்து, யார் ஒட்ட?

"உனக்குப் போவ இஷ்டமாடி?"

"எனக்கு எங்க வர இஷ்டம்னு உனக்குத் தெரியாதா? அப்பா கூப்பிடட்டும். கூப்பிட்டா இந்த நிமிஷம் வரேன். கூப்பிடாத வூட்டுக்கு நான் வர மாட்டேன்."

அப்பாவின் ரோஷம் அப்படியே மகளுக்கு. வேறு எதுவும் கொடுக்காவிட்டாலும் இதை மட்டும் அளந்து கொடுத்திருக்கிறார் மனுஷன்!

"சரி, அந்தப் பூட்டு எப்படி இருக்குன்னு சொல்லு" என்றாள் பூர்ணிமா திடீரென்று.

"செகப்பா. எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான். போனை வைம்மா."

வெயில் ஏறிவிட்டது. ஜெயலட்சுமி பிரீசரைத் திறக்கவில்லை. திறந்தால் உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்சக் குளிரும் போய்விடும் என்று அதன் மேல் கோணியும் போர்வையும் போட்டு மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது.

வாசலில் பைக் வந்து நின்றது.

யாரென்று எட்டிப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே மாரிசெல்வம். கம்பெனிச் சட்டை, சேப்டி ஷூ, தூக்கமில்லாத கண். நைட் ஷிப்டு முடித்து வந்து படுத்தவனை எழுப்பி அனுப்பியிருக்கிறாள் மகராசி!

கேட்டுக்கு உள்ளே, அவள் போவதற்கு முன்பே, குடத்தோடு குமாரவேல்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். குமாரவேல் குடத்தைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். ஜெயலட்சுமிக்கு அதுதான் பயமாக இருந்தது. அந்த ஆள் கத்தினால்கூடச் சமாளித்துவிடலாம்.

"இன்னா?" என்றார்.

மாரிசெல்வம் கேட்டுக்கு மேலே கையை நீட்டினான். கையில் சாவி.

"ஹேமந்த் குடுத்தான். பூட்டுச் சாவி. மாமா..."

மாமா என்று அவன் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் 'அப்பா' என்பான். குமாரவேல் சாவியை வாங்கவில்லை.

ஜெயலட்சுமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவன் உங்கிட்டயா குடுத்தான்? பேசினானா?"

"பேசினான் அத்தை. டீ பிரேக்குல கேன்டீன் வாசல்ல போய் நின்னேன். வெவரத்தைச் சொன்னேன். சாவியைக் கையில குடுக்கல, டேபிள் மேல வச்சான். 'வாசல்ல குடுத்துட்டு அப்படியே திரும்பிடு, உள்ள காலை வைக்காத'ன்னான்." அவன் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான். "கல்யாணத்துக்கு அப்புறம் எங்கிட்ட அவன் பேசின மொதப் பேச்சு அதான்."

"அப்ப குடுத்துட்டுக் கெளம்பு" என்று குமாரவேல் சாவியைப் பறித்துக்கொண்டு திரும்பினார்.

"மாமா, பூட்டைத் தொறந்ததும் சுவிட்சைப் போட்டுராதீங்க. உள்ள ஒயரு கருகியிருக்காம். அதைப் பாத்துச் சரி பண்ணிட்டுத்தான் போடணும்."

"பாக்கறதுக்கு நான் இன்னா எலக்ட்ரீசியனா?"

"நான் பாக்கேன். ஆனா அதுக்கு உள்ள வரணுமே."

எப்படிப்பட்ட சங்கடம் பாருங்கள்! சாவி கைக்கு வந்துவிட்டது, பூட்டைத் திறந்து பிரயோஜனமில்லை. ஆள் வாசலில் நிற்கிறான், உள்ளே கூப்பிட வாய் வரவில்லை. குமாரவேல் தெருவின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எதிர் வீட்டுத் துணிக்கொடியைக்கூடப் பார்த்தார்.

கடைசியில் கேட்டைத் திறந்தார். "தோட்டத்து வழியா வா. வூட்டுக்குள்ள வராத."

முறுக்கு மட்டும் குறையவில்லை!

மாரிசெல்வம் வந்தான். போன வாரம்தான் குமாரவேல் புது மொச்சை விதை ஊன்றி, இரண்டு இலை விட்டிருந்தது. ஷூ காலை வரப்பிலேயே வைத்து நடந்தான். பின்னாலேயே வந்த குமாரவேலுக்கு எதையாவது மிதித்தால் கத்தலாம் என்று ஒரு ஆசை இருந்தது. அதற்கும் பையன் இடம் கொடுக்கவில்லை.

பெட்டியைத் திறந்து, டெஸ்டரை வைத்துப் பார்த்து, கருகின நுனியை வெட்டி எறிந்து, புதிதாகச் சீவி முறுக்கி மாட்டினான். குமாரவேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுவிட்சைப் போட்டதும் பிரீசர் ஒரு குலுங்கு குலுங்கி உர்ரென்றது.

ஜெயலட்சுமி போர்வையைத் தூக்கி எறிந்துவிட்டு மூடியைத் திறந்தாள். கையை விட்டு ஒவ்வொரு கவராக அழுத்திப் பார்த்தாள். முருங்கைக்காய் தொளதொளவென்று கிடந்தது. அவரைக்காய் கவரில் தண்ணீர் கோர்த்திருந்தது. அடியில் இருந்த மொச்சையை எடுத்தாள். வெளியே இளகி, நடுவில் மட்டும் ஐஸ் நறநறவென்று இருந்தது. முகர்ந்தாள். நல்ல வாசனைதான். கெடவில்லை. ஆனால் இளகிவிட்டது.

"அதான் ஓடுதில்ல? மூடு. திரும்பக் கெட்டியாயிடும்" என்றார் குமாரவேல்.

"ஆவாது. ஒருக்கா எளகினதைத் திரும்ப ஒறைய வச்சா சுத்தமில்ல. வயித்துக்கு ஒத்துக்காது. அதுவும் புள்ளத்தாச்சிக்கு..."

சொல்லிவிட்டாள்.

மாரிசெல்வம் சட்டென்று திரும்பி, சரியாகவே இருக்கிற ஒயரை மறுபடி சரிபார்க்க ஆரம்பித்தான்.

"யாருக்கு?" என்றார் குமாரவேல்.

இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? கையில் மொச்சைக் கவரோடு ஜெயலட்சுமி நிமிர்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

"உம் பொண்ணுக்கு. தலைப் பொங்கலுக்கு ஒரு கரும்புத் துண்டு அனுப்பாத வூட்ல, அவளுக்குன்னு நான் எடுத்து வச்சது இது. நீ நட்டது, நீ தண்ணி வுட்டது. அவ திங்காம யாரு திங்கறது? ஏழாம் மாசம் அவளுக்கு. தெரியுமா உனக்கு? தெனமும் மொச்சைக் கொழம்பு மொச்சைக் கொழம்புன்னு கேட்டுக்கினு கீறா. நான் இங்க ஐஸ் பொட்டிக்குக் காவல் காத்துக்கினு கீறேன்!"

"ஜெயா..."

"இரு, முடிச்சிடறேன். நாளான்னிக்கு ரயில் ஏத்தி ஊருக்குக் கூட்டிக்கினு போறாங்க. பிரசவம் அங்கதான். அந்தம்மா நேத்தே வந்துட்டாங்க. பொண்ணைப் பெத்த நாம இங்க குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்துக்கினு, சம்பந்தம் இல்லாதவங்க மாதிரி பாத்துக்கினு இருக்கலாம். சரியா?"

குமாரவேல் மாரிசெல்வத்தின் பக்கம் திரும்பினார். குரல் ரொம்பக் கீழே இறங்கிவிட்டது.

"கூட்டிக்கினு போறீங்களா?"

மாரிசெல்வம் டெஸ்டரைப் பாக்கெட்டில் வைத்தான். "நாங்களா கூட்டிட்டுப் போகலை மாமா. இங்க யாரும் கூப்பிடலை. அதான் போறோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் குமாரவேல் ஒரு வழியாகச் சண்டை போட்டுத் தப்பித்திருப்பார். பையன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"போறாரு பாரு" என்று ஜெயலட்சுமி மூக்கை உறிஞ்சினாள். "இந்த மனுசன் மாற மாட்டாரு. நீ கெளம்புப்பா. ராத்திரி பூரா முழிச்சிருந்த புள்ள. கொழம்பைத் தூக்குல போட்டுத் தரேன். அவளுக்குக் குடுத்துடு. சூடு ஆறதுக்குள்ள போயிடுவியா?"

"போயிருவேன் அத்தை."

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். இளகினது எல்லாவற்றையும் இன்றே சமைத்தாக வேண்டும். மொச்சை ஒரு அடுப்பில் வெந்தது. அவரைக்காயைப் பொரியலுக்கு வதக்கினாள். முருங்கையைச் சாம்பாரில் தள்ளினாள். மூன்று மாசம் வைத்திருந்து தின்கிற காய் ஒரே நாளில் கல்யாணச் சமையல் மாதிரி கிளம்பி, வீடே மணத்தது. மாரிசெல்வம் சமையல்கட்டுப் படிக்கு வெளியே, ஒரு காலத்தில் தான் உரிமையாக உட்கார்ந்த இடத்தில், நின்றுகொண்டே இருந்தான்.

பின்பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

குமாரவேல் துண்டில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். அடுப்பு மேடையில் அவிழ்த்தார். பிஞ்சுக் கத்திரிக்காய். பனி மாதிரி வெள்ளைக் கோடு ஓடின, காம்பு முள் குத்துகிற கத்திரிக்காய். இன்னொரு கையில் வாழை இலை.

"கத்திரிக்கா போடாம இன்னா மொச்சைக் கொழம்பு?" என்றார் அடுப்பைப் பார்த்தபடி.

ஜெயலட்சுமி கையில் கரண்டியோடு அவரையே பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. இலையை உதறி, கூடத்தில் விரித்து, தண்ணீர் தெளித்தார்.

"கையைக் கழுவிக்கினு வா" என்றார் சமையல்கட்டுப் படியைப் பார்த்து.

"இல்ல மாமா... ஹேமந்த் உள்ள வராதன்னு..."

"வூடு அவனுதா, என்னுதா? ராத்திரி பூரா வேல செஞ்சிட்டு வந்த ஆளு, பச்சத் தண்ணி பல்லுல படாம எம்மாந்நேரம் நிப்ப? வா உள்ள."

மாரிசெல்வம் ஷூவைக் கழற்றினான். முடிச்சு அவிழாமல் இரண்டு தடவை இழுத்ததை ஜெயலட்சுமி பார்த்தாள், பார்க்காத மாதிரி குழம்பைக் கிண்டினாள். அவன் வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். அவள் மொச்சைக் குழம்பை ஊற்றினாள். பச்சை மாறாமல், தை மாசத்தில் உரித்த மாதிரியே இருந்தது மொச்சை.

குமாரவேல் மனைவியிடம் கையை நீட்டினார்.

"போனைக் குடு."

"எதுக்கு?"

"குடுன்னா குடேன்."

அவரே தேடினார். மகள் பேர் அதில் 'பால்காரம்மா' என்று இருந்ததைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்காக மனைவியை ஒரு முறை முறைத்தார். அப்புறம் அழுத்தினார்.

"சொல்லும்மா. அப்பா ஒண்ணும் கத்தலையே? இவரு வந்தாரா?" என்றாள் பூர்ணிமா.

"நான்தான்" என்றார் குமாரவேல்.

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"பூர்ணி... மொச்சை வெந்துடிச்சி. உங்கம்மா ஊருக்கே ஆக்கி வச்சிக்கினு கீறா. வாம்மா. வூட்டுக்கு வா."

"என்னை மட்டுமா கூப்பிடறீங்க?" அவள் குரல் உடைந்திருந்தது. ரோஷம் மட்டும் உடையவில்லை. "எங்க வீட்டுக்காரரு வாசல்லயே நின்னாரா?"

"அவரு எலையில ஒக்காந்துக்கினு கீறாரு. நீதான் பாக்கி."

அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஓவென்று ஒரு அழுகை. அம்மாவிடம் இத்தனை மாசம் அழாமல் பேசினவள், அப்பா குரலைக் கேட்டதும் சின்னப் பெண்ணாகிவிட்டாள். குமாரவேலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஏய், அழுவாத, வவுத்துல புள்ளைய வச்சிக்கினு அழுவாத" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொன்னவர் கண்ணிலும் தண்ணீர்.

யாரோ போனை வாங்கினார்கள்.

"அண்ணாச்சி, நான் மாரி அம்மா, அன்னக்கிளி பேசுதேன்."

குமாரவேல் தன்னையறியாமல் எழுந்து நின்றார். துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு வந்தது.

"சொல்லுங்கம்மா."

"பிள்ளை அழுதுட்டு நிக்கா. ஆனா மொகத்துல இப்பதான் ஒரு தெளிச்சி தெரியுது. நானும் கூட வரலாமா?"

"வாங்க சம்பந்தியம்மா. ஆட்டோவுல மெதுவா வாங்க. மேடு பள்ளத்துல பாத்து வரச் சொல்லுங்க."

சம்பந்தியம்மா! ஜெயலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாரேன். வெள்ளிக்கிழமை டிக்கெட்டையும் கையோட கொண்டாரேன்" என்றாள் அன்னக்கிளி. "பேரப்பிள்ளை எங்க பெறக்கணும்னு எனக்கும் ஒரு ஆசை இருக்கு அண்ணாச்சி. மனசுல வச்சிக்கிட்டுப் பேச எனக்குத் தெரியாது. உங்க வீட்டு மைனியையும் பக்கத்துல வச்சிக்கிட்டுப் பேசுவோம்."

போன் அணைந்தது. குமாரவேல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சொல்றாங்க?"

"வராங்க. அந்தம்மாவும் வராங்க. பேசணுமாம்." அவர் மூச்சை இழுத்துவிட்டார். "பேசலாம். வந்து ஒக்காந்து பேசினா எதுதான் தீராது? இன்னும் ரெண்டு எலை அறுத்துக்கினு வரேன்."

அப்போது தெரு முனையில் ஹாரன் சத்தம். முதல் ஷிப்டு கம்பெனி பஸ். ஹேமந்த் இறங்கி நடந்து வருகிற தூரம்தான்.

மாரிசெல்வம் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் பாதி எழுந்துவிட்டான். "மாமா, நான் பின்னால வழியா..."

தோளில் ஒரு கை விழுந்தது. மண் ஒட்டின, கத்திரி முள் கீறின கை. அது அவனை அழுத்தி உட்கார வைத்தது.

"ஒக்காருங்க மாப்ள. சாப்புட்டுக்கினு இருக்கறப்ப எழுந்திருக்காதீங்க. அவங்கிட்ட நான் பேசிக்கறேன்."

சொல்லிவிட்டு குமாரவேல் வாசலுக்குப் போய், கேட்டை இரண்டு பக்கமும் நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, மகன் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.